டிம், பிரைட்டுக்கு தமிழ்ல என்ன? (ஹெட்லைட் பல்பு மாத்தற கையேட்டுக்கு)

கோவைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கார் வச்சிருக்கறவங்க வீட்டுலயே ஹெட்லைட் பல்பு மாத்திக்கறதுக்கு தமிழ்ல ஒரு சின்ன கையேடு எழுதிட்டிருக்கேன், முக்கால்வாசி முடிஞ்சது. ஹெட்லைட்டுக்கு முகப்பு விளக்கு, ஃபிலமெண்டுக்கு இழை, இதெல்லாம் பழகுன சொல்லு, சிக்கல் இல்ல. மாட்டிக்கிட்டு நிக்கறது லோ பீம் ஹை பீம்ல. நம்ம பக்கம் எல்லாரும் டிம், பிரைட்டுன்னுதான் சொல்றோம், அதையே போட்டுட்டு போயிடலாம்னு பாத்தா கையேட்டுல அந்த சொல்லு ஆளை தப்பான பக்கம் இழுத்துட்டு போகுது.

டிம் லைட்டுன்னா நெறைய பேருக்கு பார்க்கிங் லைட்டுதான், அந்த 5 வாட் குட்டி பல்பு. "மாட்டி முடிச்சதும் டிம்ம போட்டு பாருங்க"ன்னு எழுதினா அத மட்டும் போட்டு பாத்துட்டு பானெட்ட மூடிடுவாங்க. அதவிட மோசம், டிம்முன்னா கம்மி வெளிச்சம் பிரைட்டுன்னா ஜாஸ்தி வெளிச்சம்னு மனசுல பதிஞ்சிடுது, அப்ப டிம்ல ரோடு தெரியலன்னா என்ன பண்ணுவாங்க, பெரிய வாட் பல்பா வாங்கி சொருகுவாங்க. 60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) இருந்த எடத்துல 100/90 போடறவங்க முக்கால்வாசி பேரு இந்த கணக்குலதான் போடறாங்க.

அதனால சுருக்கமா, ஒரு ஸ்டிக்கர்ல அடங்கற மாதிரி, ரெண்டுக்கும் ஜோடியா ஒரு சொல்லு வேணும்.

மதுரைக்காரன்:

குறையொளி, நிறையொளி. முடிஞ்சது வேலை :)

லாரி பின்னாடி எழுதியிருக்குமே "யூஸ் டிப்பர் அட் நைட்"னு, அதாவது ராத்திரில லைட்ட டிம் பண்ணுங்கன்னு, சின்ன வயசுல நான் அத ராத்திரில டிப்பர் லாரிய யூஸ் பண்ணுங்கன்னு சொல்றாங்கன்னுதான் நெனச்சுட்டிருந்தேன், அந்த அளவுக்குத்தான் இங்கிலீஷ் சொல்லு நமக்கு புரிஞ்சிருக்கு, அதனால தமிழ்ல வரணும்கறதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. ஆனா இந்த பல்பு வகைக்கு பேரான ஹாலஜன ஹாலஜன்னே விட்டுடுங்க, அகராதில இருக்குன்னு உப்பீனி விளக்குன்னு போட்டீங்கன்னா கடைக்காரர் உப்பு பாக்கெட்ட எடுத்து குடுப்பார்.

வயரிங் கடை:

நான் சொல்லு உண்டாக்கறவன் இல்லீங்க, ஒயரிங் பாக்கறவன், அதனால பல்புல என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்றேன், சொல்ல நீங்க பாத்துக்கோங்க.

குறையொளின்னு வச்சா டிம்மோட தமிழ்தான் அது, பழைய தப்பு அப்படியே வரும். ஒரு எச்4 பல்ப (டிம்மும் பிரைட்டும் ஒரே பல்புல வர்ற வகை) கையில எடுத்து பாருங்க (கண்ணாடிய புடிக்காம, அடில இருக்கற தகட்ட புடிச்சு). உள்ள ரெண்டு இழை இருக்கும். டிம் இழைக்கு கீழ ஒரு குட்டி கரண்டி மாதிரி உலோகம் இருக்கும், அதுதான் விஷயமே. அந்த கரண்டி கீழ்ப்பக்கம் போற வெளிச்சத்த மறைச்சுடுது, அதனால ரிப்ளெக்டரோட மேல் பாதில மட்டும்தான் வெளிச்சம் படும், இழையும் குவியத்துக்கு கொஞ்சம் முன்னாடி இருக்கறதால பட்டதெல்லாம் கீழ்நோக்கி ரோட்டுல விழும், எதிர்ல வர்றவர் கண்ணுல விழாது. பிரைட் இழைக்கு அந்த மறைப்பு கிடையாது, குவியத்துலயே உக்காந்திருக்கு, நேரா தூரத்துக்கு அடிக்கும். வாட்டுல வித்தியாசம் வெறும் அஞ்சு, 60க்கும் 55க்கும். ஆக வித்தியாசம் எங்க விழுதுங்கறதுல, எவ்ளோங்கறதுல இல்ல.

அந்த 100/90 பத்தி கேட்டீங்கன்னா, 55 வாட்டுக்கு நாலரை ஆம்ப் சொச்சம் இழுக்கற எடத்துல 90 வாட் போட்டா ஏழரை ஆம்ப் இழுக்கும், கரண்ட் ஒண்ணரை மடங்குக்கு மேல ஏறுனா கப்ளர்ல (பல்போட கால்ல சொருகற ஒயர் முனை) பின்னு தொடுற எடத்துல சூடு ரெண்டரை மடங்குக்கு மேல ஏறும். வெள்ளையா இருந்த கப்ளர் மொதல்ல மஞ்சளாவும், அப்பறம் பிரவுனாவும், நடு பின்னு கிட்ட உருகி பல்போட காலோட ஒட்டிக்கும், புடிச்சு இழுத்தா கால் கப்ளர்லயே தங்கிடும். வாரத்துக்கு ஒரு வண்டியாவது இப்படி வருது. ரிலே வச்சு தனி ஒயர் இழுத்தாலும் எதிர்ல வர்றவன் கண்ணு என்னாகறது?

மதுரைக்காரன்:

அண்ணே, வாட் சரி, வெளிச்சத்துல வித்தியாசம் இருக்கே. எச்4க்கு ஐநா வாகன விதில குடுத்திருக்கற கணக்கு 13.2 வோல்ட்டுல பிரைட்டுக்கு 1650 லூமென், டிம்முக்கு 1000. குறையொளின்னா முழுப்பொய் இல்லயே?

வயரிங் கடை:

எச்4க்கு சரிதான் தம்பி. ஆனா எச்7 வண்டிய பாருங்க, ஒரு பக்கத்துக்கு ரெண்டு பல்பு, ரெண்டும் ஒரே 55 வாட், ஒரே டப்பால வாங்கறது, ஒண்ண லோவுக்கும் ஒண்ண ஹைக்கும் போடறோம். ரெண்டையும் மாத்தி மாட்டினாலும் ஒண்ணும் ஆகாது, ரிப்ளெக்டர் வேற, லென்சு வேற, அவ்ளோதான். அதுல எது குறை எது நிறை? இன்னும் ஒரு படி மேல போனா ப்ரொஜெக்டர்ல (முன்னாடி உருண்டை லென்சு வச்ச ஹெட்லைட்) ஒரே பல்புதான், நடுவுல ஒரு தகடு ஏறி எறங்கும், ஏறுனா லோ, எறங்குனா ஹை.

யாழ்ப்பாணத்தான்:

வணக்கம் தம்பிமாரே. எங்கட பக்கம் பல்பை மின்குமிழ் எண்டுதான் சொல்லுறது, பள்ளிக்கூடப் புத்தகத்திலயும் அதுதான். உங்கட கையேட்டுக்கு அது ஒரு விதத்தில உதவும் எண்டு நினைக்கிறன். "பல்பைத் தொடாதே" எண்டு எழுதினா வாசிக்கிறவன் பிறகு எப்பிடி அதை மாட்டுறது? குமிழ் எண்டா கண்ணாடி, அடி எண்டா உலோகம். குமிழைத் தொடாதை, அடியைப் பிடி. ரெண்டு சொல்லில விசயம் முடிஞ்சுது.

லோ பீமுக்குத் தாழ்கற்றை, ஹை பீமுக்கு உயர்கற்றை எண்டு யாராவது கொண்டுவருவினம், பிழை இல்லை, ஆனா இரவில எதிர்ல வாறவனைப் பாத்து "தாழ்கற்றை போடடா" எண்டு ஆரும் கத்த மாட்டினம். கிட்ட, எட்ட எண்டு சனம் நாளாந்தம் சொல்லுற சொல்லுத்தானே. கிட்டொளி, எட்டொளி எண்டு வச்சா என்ன?

கோவைக்காரன்:

அண்ணை, குமிழ்–அடி பிரிவ அப்படியே எடுத்துக்கறேன், அது இல்லாம நான் அரைப்பக்கம் சுத்தி வளைச்சு எழுதியிருந்தேன். கிட்டொளி எட்டொளியும் வாய்ல நல்லா உக்காருது. வயரிங் அண்ணன் சொன்ன மாதிரி எங்க விழுதுங்கறத சொல்லுது.

ஓய்ந்த தமிழாசிரியை:

எல்லாரும் சொன்னதைப் படிச்சேன். கிட்டொளி எனக்குப் பிடிச்சிருக்கு, கிட்டப்பார்வைன்னு கண் டாக்டர் சொல்றது எல்லாருக்கும் பழக்கம், இலக்கணப்படி பாத்தாலும் கிட்டு + ஒளி, குற்றியலுகரம் கெட்டு ஒட்டிக்கும், சண்டை இல்லை. எட்டொளிதான் உதைக்குது. எட்டு + ஒளியும் எட்டொளிதானே அப்பா! நவராத்திரிக்கு எட்டு விளக்கு ஏத்தின மாதிரி இருக்கு. ஸ்டிக்கர்ல "எட்டொளி"ன்னு பாத்து காருக்கு எட்டு லைட்டான்னு கேக்க ஒரு பையன் கட்டாயம் வருவான், நாப்பது பிள்ளைகள் உக்காந்த வகுப்புல நின்னவ சொல்றேன்.

நெடு + எழுத்து நெட்டெழுத்து ஆகுதில்லையா, நெட்டுயிர்ப்புன்னு சொல்றோமில்லையா, அதே வழியில நெடு + ஒளி, நெட்டொளி. நீண்டு போற ஒளி. கிட்டொளி, நெட்டொளின்னா எதுகையும் நிக்குது, ரெண்டும் நாலெழுத்து, குழப்பமும் இல்லை.

மதுரைக்காரன்:

அம்மா, குறையொளிய வாபஸ் வாங்கிக்கறேன். எங்க ஊர்ல உயரமா இருக்கறவன நெட்டைன்னுதான் கூப்பிடுவோம், நெட்டொளின்னு சொன்னா பார்ட்ஸ் கடைல எதிர்க்கேள்வி வராது.

வயரிங் கடை:

நெட்டொளி ஓகேங்க. ஒரே ஒரு விஷயம், கையேட்டுல கிட்டொளி மட்டும் பியூஸ் ஆனா நெட்டொளி எரியும், ரெண்டும் தனித்தனி இழைங்கறத எழுதுங்க. நெறைய பேரு டிம் போனதும் பல்பு மாத்தாம பிரைட்டுலயே மாசக்கணக்கா ஓட்டறாங்க, கேட்டா "லைட் எரியுதே"ங்கறாங்க.

கோவைக்காரன்:

எழுதிட்டேன் அண்ணே. இந்த ரெண்டு சொல்லையும் குமிழ்–அடியையும் போட்டு நடுப்பகுதிய திருத்தியிருக்கேன், வாசிச்சு பாருங்க, சொல்லு நிக்குதா இடறுதான்னு:

> என்ஜினை அணைத்து சாவியை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தால் கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள். குமிழுக்குள் வாயு அழுத்தத்தில் இருக்கிறது, கீறல் விழுந்தாலோ கீழே விழுந்தாலோ சிதறக்கூடும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்வது நல்லது. கப்ளரின் பூட்டை அழுத்திக்கொண்டு கப்ளரைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். பின்னால் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் கம்பியை ஒரு பக்கமாக அழுத்தி விடுவித்தால் பழைய பல்பு நேராக வெளியே வரும்.

> புதியதை அடியைப் பிடித்து எடுங்கள். விரலின் எண்ணெயும் உப்பும் குமிழில் பட்டால் எரியும்போது அந்த இடம் மட்டும் அதிகம் சூடாகி குவார்ட்ஸ் கண்ணாடி பலமிழக்கும், பல்பின் ஆயுள் குறையும். தெரியாமல் கை பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள். எச்4இன் அடியில் மூன்று காதுகள் இருக்கும், ஒன்று மற்ற இரண்டைவிட அகலம், அது ஒரே ஒரு வழியில்தான் உட்காரும். உட்காரவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள், தட்டிப் பொருத்தாதீர்கள். கோணலாக உட்கார்ந்த பல்பில் கிட்டொளி ரோட்டை விட்டுவிட்டு எதிரே வருபவரின் கண்ணில் விழும்.

> ஸ்பிரிங் கம்பியை மறுபடி மாட்டி, ரப்பர் மூடியைச் சுற்றிலும் விளிம்பு மடங்காமல் அழுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் மழையில் உள்ளே ஈரம் கோக்கும். பின்பு கப்ளரைச் சொருகி, வண்டியைச் சமதரையில் ஒரு சுவரைப் பார்த்து நிறுத்தி கிட்டொளியைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு கோடு கிழித்தாற்போல் தெரிய வேண்டும், நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் இடது பக்கம் மட்டும் சற்று மேலேறும். அடுத்து நெட்டொளி. இடது, வலது விளக்குகளின் வெளிச்சம் ஒரே உயரத்தில் இல்லையென்றால் பல்பைக் கழற்றி மறுபடி உட்காரவையுங்கள், அதன் பிறகும் சரியாகாவிட்டால் மெக்கானிக்கிடம் போகஸ் பார்க்கச் சொல்லுங்கள்.

எச்ஐடி விளக்குக்கு (இழை இல்லாம வாயுவுல மின்பொறியால எரியறது) ஒரு தனி எச்சரிக்கை பெட்டி போட்டிருக்கேன், பத்த வைக்கறப்ப 20,000 வோல்ட்டுக்கு மேல போகும், அத வீட்டுல தொடவே கூடாது, அந்த மாதிரி விளக்கு இருந்தா கையேட்ட மூடி வச்சுட்டு ஆள கூப்பிடுங்கன்னே எழுதிட்டேன். ஹாலஜன் டூம்ல (ஹாலஜன் பல்புக்குன்னு செஞ்ச ஹெட்லைட் கூடு) எல்இடி பல்பு சொருகறதுக்கும் அதே எடத்துல ரெண்டு வரி: இழை இருக்கற எடத்த கணக்கு வச்சுதான் ரிப்ளெக்டர் வளைச்சிருக்கு, வெளிச்சம் கிளம்பற எடம் கொஞ்சம் நகர்ந்தாலும் கிட்டொளிக்கு அந்த மேல் விளிம்பு கலைஞ்சு போயிடும்.

அம்மா, ஒரு சந்தேகம். மொதல் தடவ வர்ற எடத்துல "கிட்டொளி, அதாவது டிம்"னு போடட்டுமா, இல்ல படத்த போட்டு விட்டுடட்டுமா?

ஓய்ந்த தமிழாசிரியை:

முதல் இடத்துல டிம்முனு போடுங்க, வெக்கப்படாதீங்க, ரெண்டாவது இடத்துல இருந்து எடுத்துடுங்க. படமும் இருக்கட்டும். "தட்டிப் பொருத்தாதீர்கள்" எனக்குச் சரி. "ஈரம் கோக்கும்"னு இருக்கே, நீர் கோக்கும்னு சொல்றதுதான் வழக்கம், அதை மட்டும் மாத்திட்டு அச்சுக்குக் குடுங்க.

வயரிங் கடை:

அச்சடிச்சதும் கடைக்கு ஒரு அம்பது பிரதி அனுப்புங்க, பல்பு டப்பாவோடயே சேத்து குடுத்துடறேன்.