செர்ரோவுக்குப் போனால் சீஸ் செய்கிறவரைப் பாருங்கள்

பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர் செர்ரோ. மாநிலத் தலைநகர் பெலோ ஹொரிசோன்டேயிலிருந்து பஸ்ஸில் பாதி நாள் போய்விடும், மலைப்பாதை வளைவுகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். 1700களின் தொடக்கத்தில் தங்கம் கிடைத்ததால் உண்டான ஊர். தங்கம் தீர்ந்ததும் பெரிய பணம் வரவில்லை, அதனால்தான் வெள்ளைச் சுவரும் ஓட்டுக்கூரையும் கல் பாவிய தெருவும் இடிபடாமல் தப்பித்தன என்பது என் கணிப்பு. 1938-இலேயே பாதுகாக்கப்பட்ட ஊராக அறிவித்துவிட்டார்கள். சர்ச்சுகள் அழகுதான், ஆனால் அதற்காக மட்டும் போனால் ஒரே மதியத்தில் முடிந்துவிடும், அதிலும் நான் போன நேரம் பாதி பூட்டிக் கிடந்தன.

அந்த ஊரில் ஆட்கள்தான் விசேஷம். தெருவில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் வணக்கம் சொல்கிறார்கள், நாமும் சொல்லியாக வேண்டும். சதுக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எந்த நாடு என்று கேட்டார், இந்தியா என்றதும் "அரே பாபா!" என்று கையைத் தூக்கிக் கத்தினார். 2009-இல் இந்தியக் குடும்பங்களை வைத்து ஒரு சீரியல் பிரேசில் டிவியில் சக்கைப்போடு போட்டது, அதில் அடிக்கடி வருகிற வசனம் இது. தமிழ்நாடு என்று ஒன்று இருப்பதே அதைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது, சரி, போகட்டும்.

அப்புறம் அவரே என்னைத் தன் தங்கை மகனின் பண்ணைக்கு அழைத்துப் போனார். செர்ரோ என்றாலே மினாஸ்காரர்களுக்கு சீஸ்தான். காலையில் கறந்த பாலைக் காய்ச்சுவதே இல்லை, கறந்த சூட்டோடு பாலைத் திரளவைக்கிற ரென்னெட்டும் 'பிங்கோ'வும் ஊற்றுகிறார்கள். முந்தைய நாள் சீஸின் மேல் கல் உப்பைத் தூவி வைத்தால் இரவு முழுக்க அதிலிருந்து சொட்டுகிற நீர்தான் பிங்கோ. நாம் நேற்றைய தயிரில் இன்றைக்கு உறை ஊற்றுகிற மாதிரியேதான். பிங்கோ கெட்டுப்போனால் பக்கத்துப் பண்ணையில் வாங்கிக்கொள்வார்களாம். இந்தப் பச்சைப் பால் சீஸை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய் விற்க முன்பு எத்தனையோ தடைகள், 2018-இல் கைவினை உணவுகளுக்குத் தனி முத்திரைச் சட்டம் வந்த பிறகுதான் வழி பிறந்தது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மினாஸ் சீஸ் செய்முறையைத் தன் பாரம்பரியப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

ஆனால் நான் அசந்துபோனது மாட்டைப் பார்த்து. திமில், தொங்கும் காது, புடைத்த நெற்றி. "இவங்க உங்க ஊர்க்காரங்கதான்" என்று அந்தத் தம்பி சிரித்தார். குஜராத்தின் கிர் மாட்டை ஐரோப்பாவின் ஹோல்ஸ்டீன் மாட்டோடு கலந்து உருவாக்கிய ஜிரோலாண்டோ, பிரேசிலின் பாலில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது. இறைச்சிக்கு வளர்க்கும் நெலோரே இனத்துக்கு நம்ம பக்கத்து நெல்லூரின் பெயர். நெல்லூர் சென்னையிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம்தான், நான் போயிருக்கிறேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த மரியாதையே வேறு. மாடு எப்படி இருக்கும், என்ன தீனி என்று அவர் விடாமல் கேட்க, பஸ் ஜன்னலில் பார்த்ததைத் தவிர ஒன்றும் தெரியாத நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன்.

சைவக்காரர்கள் கவனிக்க: ரென்னெட் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். பீன்ஸிலும் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும், இறைச்சி வேண்டாம் என்றால் கோழி வரும்! சோறு, முட்டை, கீரை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சிறு வியாபாரிகள் 'பிக்ஸ்' என்ற மொபைல் பணத்தைத்தான் விரும்புகிறார்கள், அதற்குப் பொதுவாக பிரேசில் வங்கிக் கணக்கு வேண்டும், நம்மிடம் இருக்காது, சின்ன நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி மறக்க வேண்டாம், சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்திவிடுவார்கள், அது ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லும்.