தீவுப் பக்கம் பாசி எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

பாம்பன் மகள்:
என் அம்மா 30 வருடமாக, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கிறார். பாறை கிழித்துவிடாமல் இருக்க, விரல் ஒவ்வொன்றிலும் பழைய சேலைத் துணியைச் சுற்றிக்கொண்டுதான் முங்குவார். போன வாரம் ரோந்துப் படகில் வந்தவர்கள் மரிக்கொழுந்துப் பாசி மூட்டையை அவிழ்த்துக் கடலிலேயே கொட்டிவிட்டார்கள். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. விரலில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. மாநிலத்துக்கு அதிகாரம் வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். நானும் கைதட்டியவள்தான். அந்த அதிகாரம் வந்தால் அம்மாவின் பாசிக்கு வழி பிறக்குமா?

மண்டபம் வாசகர்:
மீன்வளம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில், அதாவது மாநிலம் சட்டம் இயற்றும் துறைகளில் இருக்கிறது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் மீன்பிடிப்பதுதான் ஒன்றியத்தின் கையில். ஆனால் காடும் வனவிலங்கும் அப்படி இல்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், 42ஆவது திருத்தம் அவற்றைக் கல்வியோடு சேர்த்து, ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றும் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோய்விட்டது. உங்கள் அம்மாவுக்கு அது கடல். சட்டத்துக்கு அது தேசியப் பூங்கா. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் ஆளும் இடம். பறிபோனதை மாநிலம் திரும்பப் பெற்றே ஆகவேண்டும்.

தொண்டி அண்ணன்:
தங்கச்சி, 1986இல் குருசடை உட்பட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் பூங்காவாக அறிவித்தது மாநில அரசுதான். டெல்லியிலிருந்து சென்னைக்கு வந்த அதிகாரம் சென்னையிலேயே நின்றுவிட்டால் நமக்கு என்ன பயன்? ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று பதினோராம் அட்டவணை 29 துறைகளைச் சொல்கிறது. ஐந்தாவது மீன்வளம். கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறது, கொடுக்க வேண்டும் என்று இல்லை. கேரளம் 1996இல் மனம் வைத்தது; திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் விட்டது.

பாம்பன் மகள்:
இருவருக்கும் நன்றி. அண்ணன் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கொடுக்கலாம்" என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி படிக்கச் சொன்னார். எந்தத் திட்டில் பாசி தழைத்திருக்கிறது, எதை வளரவிட வேண்டும் என்பது இங்கே முங்கும் பெண்களுக்குத் தெரியும். மாதத்தில் எத்தனை நாள் கடலுக்குப் போவது என்று அவர்களே கூடிப் பேசி வரம்பு வைத்திருக்கிறார்கள். அக்டோபர் 2 கிராம சபையில் அந்த வரம்பையே தீர்மானமாக வைக்கப் போகிறோம். வேறு ஊரில் இப்படி எழுதியவர்கள் இருந்தால் ஒரு நகல் அனுப்புங்கள்.