மறு: ‘அடிப்படைக் கட்டமைப்பு’க்கு மாற்றுச் சொல்

குழுவினருக்கு வணக்கம்.

அரசமைப்பின் இன்றியமையாக் கூறுகளைத் திருத்தத்தாலும் சிதைக்கக் கூடாது என்ற நீதிமன்றக் கோட்பாட்டில் வரும் ‘basic structure’க்கு ‘அடிப்படைக் கட்டமைப்பு’ என்ற சொல் புழக்கத்தில் நிலைத்துவிட்டது, இனி அதைத் தொட வேண்டாம் என்று முந்தைய மடல் சொல்கிறது. என்னால் ஏற்க முடியவில்லை. நீலகிரி மாவட்டம் கூடலூரில் போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கு அரசியலமைப்பு கற்பிக்கிறேன். நாடாளுமன்றம் சிதைக்கக் கூடாத அடிப்படைக் கட்டமைப்புக்கு எடுத்துக்காட்டாகச் சாலை, குடிநீர், மின்சாரம் என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். அவர் மேல் என்ன குற்றம்? நாளிதழைப் பிரித்தால் அதே சொல் அந்தப் பொருளில்தானே இருக்கிறது?

இந்த ஊருக்கு இது வெறும் பாடமும் அல்ல. 1969ஆம் ஆண்டு கூடலூர் ஜென்மம் (பரம்பரை நிலவுடைமை) எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில், காடுகளை அரசு எடுத்துக்கொள்வது நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று 1972இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியைத் தள்ளியது. 1974இல் நாடாளுமன்றம் 34ஆவது திருத்தத்தின் வழியே முழுச் சட்டத்தையும் ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றியது. அங்கே ஏறிய சட்டத்தை அடிப்படை உரிமையைக் காட்டி வீழ்த்த முடியாது என்பது 1951இல் வந்த ஏற்பாடு. கூடலூர்ச் சட்டத்தை இப்படி அட்டவணையில் ஏற்றியதன் மீதுதான் ஐ.ஆர். கொய்லோ வழக்கு எழுந்தது. அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டை வகுத்த கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டமும் இந்தக் கோட்பாட்டின் சோதனைக்கு உட்பட்டதே என்று 2007இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ‘பிரிவு 17 நிலம்’ (அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் குத்தகைத் தோட்ட நிலம்) என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைக் குழப்பமில்லாமல் சொல்ல ஒரு சொல் வேண்டும்.

‘அடித்தளம்’ போதாது. அது கீழே கிடப்பது. கூட்டாட்சியும் மதச்சார்பின்மையும் நீதிமன்றத்தின் ஆய்வதிகாரமும் அரசமைப்பு முழுவதும் ஊடுபாவாக ஓடுகின்றன.

‘மூலக் கட்டுக்கோப்பு’ என்பது என் பரிந்துரை. கட்டமைப்பு என்றதும் ‘மேம்பாடு’தான் வாயில் வருகிறது, கட்டுக்கோப்பு என்றால் ‘குலைதல்’ தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. நீதிமன்றம் தடுப்பதும் அந்தக் குலைவைத்தான். கட்டுக்கோப்பு ஒழுங்கையும் குறிக்குமே என்பார்கள். ‘மூல’ என்ற அடை அந்த ஐயத்தை நீக்கிவிடும்.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு: ‘மூலக் கட்டுக்கோப்பு – 368ஆம் உறுப்பின்படி திருத்தும்போதும் நாடாளுமன்றம் குலைக்கக் கூடாத அரசமைப்பின் இன்றியமையாக் கூறுகள்.’ திருத்தம் இருந்தால் எழுதுங்கள்.