விறகு அறுக்க எத்தனை இன்ச் செயின்சா வாங்கலாம்?

வணக்கம். மானாமதுரைப் பக்கம் எங்கள் புஞ்சை முழுக்கச் சீமைக்கருவேலம். வெட்டி வீட்டு அடுப்புக்கும் வெந்நீருக்கும் விறகாக்க ஒரு பெட்ரோல் செயின்சா வாங்க வேண்டும். முக்கால்வாசி மரம் தொடை கனம்தான், அதாவது 6 முதல் 8 இன்ச். வரப்போரம் நிற்கும் நாலைந்து மட்டும் அடித்தூரில் ஓர் அடியைத் தாண்டும்.

கடைக்காரர் 58 சிசி, 22 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) உள்ளதுதான் வேண்டும் என்கிறார். கையில் வாங்கிப் பார்த்தேன், நல்ல கனம். குனிந்து நின்று கருவேலங் கிளைகளுக்குள் அதை நாள் முழுக்க ஓட்ட முடியுமா? மர விட்டத்தைவிட 2 இன்ச் நீளமான பார் போதும், பெரிய தூரை இரண்டு பக்கமிருந்தும் அறுத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. அப்படியானால் 16 இன்ச்சே தாராளம். ஸ்டில் எம்எஸ் 180 அந்த அளவில் கிடைக்கிறது, ஆனால் 31.8 சிசிதான். பச்சை மரத்துக்குச் சரி, காய்ந்து இறுகிய கருவேலங்கட்டையில் திணறுமோ என்றுதான் யோசனை. இல்லை, 45 சிசி பக்கம் போய்விடலாமா?

அப்புறம், தரையை ஒட்டி அறுக்கும்போது மண் பட்டால் செயின் உடனே மழுங்கிவிடுமாமே. வட்ட அரத்தால் நாமே தீட்டிக்கொள்கிறீர்களா, கடைக்குத்தான் கொண்டுபோகிறீர்களா? கருவேலம் அறுத்துப் பழகியவர்கள் சிசி, பார் அளவு இரண்டையும் சொல்லுங்கள். மதுரை, சிவகங்கையில் உதிரிபாகம் எதற்குச் சுலபமாகக் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.