நின்று துடுப்பு போடவும், பாய்மரம் மாட்டிக் காற்றில் ஓட்டவும் ஒரே மிதவைப் பலகை (போர்டு): உங்கள் அனுபவம் என்ன?

காத்ர் போர்ன் அப்பா
ஆகஸ்ட் விடுமுறை, மொரிஷியஸ் மேற்குக் கரையில ஃபிளிக் ஆன் ஃபிளாக். வாடகைக்கு எடுத்த காற்றடைக்கும் போர்டு. இரண்டுக்கும் ஆகும்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. பாய்மரம் மாட்டத் திருகு இருந்தது, நடு ஃபின் இல்லை, அதாவது பக்கவாட்டில் நழுவாம இருக்க போர்டுக்கு அடியில நடுவுல நிக்கிற தகடு. காலையில் துடுப்போடு அருமையாப் போச்சு. மத்தியானம் மகள் சின்னப் பாயைப் பிடிச்சு நின்னா. அவ பார்க்குறது கரையை, போர்டு நழுவுறது பக்கவாட்டில், அலை உடையுற பவளப்பாறைப் பக்கம். தென்கிழக்குக் காத்து அங்கே கரையிலேர்ந்து கடலுக்குத்தானே அடிக்கும். "அப்பா, இது திரும்ப மாட்டேங்குது"ன்னு அவ கத்தினது இன்னும் காதுல இருக்கு. மீன்பிடிக்கிற ஒருத்தர் படகுல போய்க் கயிறு போட்டு இழுத்து வந்தார். இப்போ சொந்தமா வாங்கப் போறோம். நடு ஃபின் இல்லாத போர்டு எங்க வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

வடக்குக் கரை
பிள்ளை நல்லபடியா வந்து சேர்ந்தாளே, அண்ணா. ஆனால் நடு ஃபின்தான் எல்லாம் என்பதை நான் ஏற்கமாட்டேன். எங்கள் வடக்கில் அன்ஸ் லா ரே கடற்கரையில் வற்று நேரத்தில் ஆழமே கிடையாது. வேகமாக வந்த தம்பி மகனின் ஃபின் பவளத்தில் தட்டியது. போர்டு நின்றது, பையன் நிற்கவில்லை. பாய்மரத்தில் மோதி மோவாய் கிழிந்தது. அந்த ரத்தத்தைப் பார்த்தவன் சொல்கிறேன், கழற்ற முடியாத ஃபின் ஆகாது.

டர்பன் அக்கா
ஃபின் சண்டை இருக்கட்டும் தம்பிகளா, எடையைப் பாருங்க. இங்கே தென்னாப்பிரிக்காவில் மிட்மார் அணையில் என் வீட்டுக்காரர் ஏறினதும் போர்டு நடுவில வளைஞ்சு, தண்ணி கணுக்காலைத் தொட்டுச்சு. பிள்ளைங்க அலறிட்டாங்க.
போர்டோட ஒரு லிட்டர் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். ஆள், பாய், போர்டு எல்லா எடையும் அதில் அடங்கணும். பாய் பழகுறவங்களுக்கு உடல் எடைக்கு மேல இன்னும் நூறு லிட்டராவது இருந்தாத்தான் நிம்மதி. அகலம் 32 அங்குலத்துக்குக் குறையாம எடுங்க. போர்டுக்குள்ளே காத்து 15 பி.எஸ்.ஐ. (காத்தழுத்த அளவு) வரை அடிங்க, கை வலிச்சாலும் பாதியில் விடாதீங்க. பாய்மரத்தின் பாரம் முழுக்க ஒரே புள்ளியில் இறங்குது, உள்ளே காத்து குறைஞ்சா அங்கேதான் வளையும். அடிச்ச போர்டை வெயிலில் போடாதீங்க, உள்ளே அழுத்தம் ஏறும். குழந்தைக்கு 1.5 முதல் 2.5 சதுர மீட்டர் பாய் போதும், பெரியவங்களுக்கு 4, 5. அப்பாவோட பெரிய பாயைப் பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது, தண்ணியிலேர்ந்து தூக்கவே முடியாது. மிதவைச் சட்டையும் கட்டாயம்.

காத்ர் போர்ன் அப்பா
எடைக் கணக்கு சரிதான் அக்கா. ஆனா மிதக்குறது வேற, காத்தை எதிர்த்துத் திரும்பி வர்றது வேற. அன்னைக்கு எங்க போர்டு நல்லாத்தான் மிதந்தது. வடக்குக் கரைத் தம்பி சொன்னதை எடுத்துக்குறேன்: கழற்றி மாட்டுற நடு ஃபின். அப்படி 10 அடி 6 அங்குல நீளத்தில் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கோம். சனிக்கிழமை மகள் வந்து தானே ஃபினை மாட்டிப் பார்க்கட்டும், அவளால முடிஞ்சா வாங்கிடுவோம்.