இரவில் நான்கு முறை எழுகிறேன், மாத்திரைக்கும் அடங்கவில்லை

காவிரிக்கரை:
வயது 69. கும்பகோணம் பக்கம் தபால்காரனாக இருந்து ஓய்வுபெற்றவன். சைக்கிள் மிதித்த காலத்தில் காலையில் ஒன்றுக்குப் போனால் அடுத்தது மதியம் இரண்டு மணிக்குத்தான். இப்போது பத்துக்குப் படுத்தால் பதினொன்றரை, ஒன்று, இரண்டே முக்கால், நாலே கால். கழிப்பறை கொல்லையில். தாழ்ப்பாள் சத்தத்தில் மனைவி விழிக்கிறாளே என்று எண்ணெய் விட்டேன். சத்தம் நின்றது, அவள் விழிப்பது நிற்கவில்லை. நான் திரும்பி வந்து படுக்கும்வரை கண் மூடமாட்டாள்.

ஸ்கேனில் புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் சுரப்பி) சற்றுப் பெரிது என்றார்கள். சிறுநீர் தடையில்லாமல் போக மூன்று மாதமாக டாம்சுலோசின் மாத்திரை. பகலில் தடையில்லாமல் போகிறது, இரவுக் கணக்கு மட்டும் குறையவில்லை. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 10 மி.கி. சர்க்கரை இல்லை. ஆறு மணிக்கு மேல் தண்ணீர் தொடுவதில்லை. பஸ்ஸுக்குப் பயந்து திருப்பூரில் பேரன் காதுகுத்துக்குக்கூடப் போகவில்லை. வேறு என்னதான் செய்வது?

பழைய செவிலி:
ஐயா, எத்தனை முறை என்று எண்ணினீர்கள். எவ்வளவு என்று அளந்தீர்களா? அளவுக் குவளை ஒன்று வாங்கி, மூன்று நாள் இரவு பகலாக நேரத்தையும் மில்லியையும் குறியுங்கள். காலை எழுந்ததும் போவதை இரவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் வந்தால், புராஸ்டேட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சாயங்காலம் கணுக்காலை விரலால் அழுத்துங்கள், குழி விழுகிறதா? அம்லோடிபினால் கால் வீங்குவதுண்டு. பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்துக்கு வரும். இதய, சிறுநீரகக் கோளாறிலும் வீங்கும் என்பதால் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். குறட்டை உண்டா என்று வீட்டில் கேட்டு, அதையும் சொல்லுங்கள்.

மேலவீதி:
டாம்சுலோசின் சாப்பிடுகிறவர் படுக்கையிலிருந்து எழுந்ததும் நடக்கக் கூடாது. இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். நான் உட்காரவில்லை; தலை சுற்றி நிலைப்படியில் விழுந்து நெற்றியில் ஐந்து தையல். கட்டிலருகே ஒரு சிறுநீர்க் குடுவை வைத்துக்கொள்ளுங்கள். கௌரவம் பார்க்காதீர்கள்.

காவிரிக்கரை:
ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்தேன். ஒரு நாளைக்கு 1,640 மில்லி, அதில் இரவில் 890. கணுக்காலில் குழியும் விழுந்தது. மருத்துவர் தாளைப் பார்த்து, ரத்தப் பரிசோதனையும் எக்கோ என்ற இதய ஸ்கேனும் எடுக்கச் சொன்னார், கோளாறு இல்லை. அம்லோடிபினுக்குப் பதில் வேறு மாத்திரை தந்தார். பிற்பகலில் ஒரு மணி நேரம் காலைத் தலையணைமேல் வைத்துப் படுக்கிறேன். இப்போது இரண்டு முறைதான்.

அங்கே ஒரு கேள்வித்தாளும் தந்தார்கள். ஏழு கேள்வி சிறுநீரைப் பற்றி. எட்டாவது, மீதி வாழ்நாள் முழுவதும் இப்படியே போனால் எப்படி இருக்கும் என்பது. பூஜ்யம் என்றால் மகிழ்ச்சி, ஆறு என்றால் சகிக்க முடியாது. இரண்டு என்று போட்டேன். மனைவி பேனாவைப் பிடுங்கி ஐந்தாக்கினாள்.

மேலவீதி ஐயா, குடுவை வாங்கிவிட்டேன். செய்தித்தாள் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.