ஓசூர் கோல்ஃப் மைதானத்தில் கரையான் புத்து, பந்தை எப்படி எடுப்பது?

4-வது ஹோல், வலது ரஃப் (புல் வளர்ந்த ஓரப் பகுதி). செம்மண் புத்து, முழங்கால் உயரம், சிமென்ட் மாதிரி இறுகிப்போனது. போன ஞாயிறு ஒருவர் பந்து அதன் அடியில் ஒட்டி நின்றது, பேக்ஸ்விங்குக்கே (கிளப்பைப் பின்னால் ஓங்கவே) இடமில்லை. அதோடு மஞ்சள் குங்குமம் வைத்த புத்து, யாரும் கை வைக்கமாட்டார்கள்.

கோல்ஃப் விதிகளில் பார்த்தவை: ரூல் 15.1-ன்படி எறும்புப் புற்றைத் தட்டிவிடலாம், ஆனால் இது தரையோடு பிடித்திருக்கிறது. பூச்சி தோண்டிய துளை என்பதால் 16.1-ன் விலங்கு வளை (பெனால்டி இல்லாமல் பந்தை நகர்த்தலாம்) கணக்கிலும் வராது. 16.2 (ஆபத்தான விலங்கு) பாம்பு நிஜமாகவே இருந்தால்தான். "புத்துன்னா பாம்பு இருக்கும்" என்பது செல்லாது. கடைசியில் அவர் ரூல் 19-ல் (ஆட முடியாத பந்து) ஒரு ஸ்ட்ரோக் பெனால்டியோடு இரண்டு கிளப் நீளத்துக்குள் டிராப் செய்தார் (பந்தைக் கையால் கீழே விட்டார்). ஸ்கோர்கார்டில் லோக்கல் ரூல் (மைதானத்தின் தனி விதி) எதுவும் இல்லை.

வரும் ஞாயிறு மறுபடி போட்டி. இறுகிய புத்தை 'கிரவுண்ட் அண்டர் ரிப்பேர்' (பெனால்டி இல்லாமல் பந்தை நகர்த்தக்கூடிய பகுதி) என்று கமிட்டி அறிவிக்க, உங்கள் மைதானத்தில் என்ன வாசகம் வைத்திருக்கிறீர்கள்?